குழந்தைக்குக் கணைய அழற்சி... எண்டோஸ்கோபி செய்யலாமா, காத்திருக்கலாமா?

`குழந்தைக்குக் கணையத்துல வீக்கம் இருக்கு. பித்தநாளத்துல அடைப்பு இருக்கிற மாதிரி தெரியுது. வாய் வழியா ட்யூப் விட்டு சரிபண்ண வேண்டியிருக்கும்.'

வார்டில் இப்படிச் சொல்லக் கேட்கும் பெற்றோரின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழும். ஆறு வயதுக் குழந்தையின் தொண்டைக்குள் ட்யூபா? அடுத்த நிமிடம் கை போனுக்குப் போகும். `எண்டோஸ்கோபி மிகவும் பாதுகாப்பானது' என்று ஒரு பக்கம் சொல்லும். `எண்டோஸ்கோபி செய்தாலே கணைய அழற்சி வரும்' என்று இன்னொரு பக்கம் பயமுறுத்தும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால், அவை இரண்டும் ஒரே எண்டோஸ்கோபியைப் பற்றிப் பேசவில்லை. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கும் உறுப்பு. இன்சுலின் சுரப்பது அதன் ஒரு வேலை. உணவைச் செரிக்கவைக்கும் நொதிகளைத் தயாரித்துச் சிறுகுடலுக்கு அனுப்புவது இன்னொரு வேலை. இந்த நொதிகள் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் செயல்படத் தொடங்க வேண்டும். ஏதோ ஒரு காரணத்தால் கணையத்துக்குள்ளேயே வேலையை ஆரம்பித்துவிட்டால், கணையம் தன்னைத்தானே செரிக்க ஆரம்பித்துவிடும். இதுதான் திடீர் கணைய அழற்சி. மருத்துவர்கள் அக்யூட் பான்கிரியாட்டைட்டிஸ் என்பார்கள்.

இது குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு வரும் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். `எங்க வீட்ல யாருமே குடிக்க மாட்டாங்களே' என்று பாட்டிகள் பதறுவதும் அதனால்தான். குழந்தைகளுக்கு வருவதற்கான காரணங்களே வேறு. பித்தக்கல், பித்தநாளத்திலோ கணையநாளத்திலோ பிறவியிலேயே இருக்கும் அமைப்புக் கோளாறு, வைரஸ் தொற்று, ரத்தத்தில் அளவுக்கு மீறிய டிரைகிளிசரைடு கொழுப்பு, மரபணு மாற்றங்கள் எனப் பட்டியல் நீளும். சைக்கிளிலிருந்து விழும்போது ஹேண்டில்பார் வயிற்றில் குத்துவதும் ஒரு காரணம். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அஸ்பாராஜினேஸ் போன்ற மருந்துகளாலும் சில குழந்தைகளுக்கு வரலாம். இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. அது இன்னும் பெரிய ஆபத்து.

ஆண்டுக்குச் சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருவதாக மேலைநாட்டு ஆய்வுகள் கணக்கிடுகின்றன. மேல்வயிற்றில் கடும் வலி, ரத்தப் பரிசோதனையில் லிபேஸ் அல்லது அமைலேஸ் அளவு இயல்பின் உச்ச அளவைவிட மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருப்பது, ஸ்கேனில் கணையம் வீங்கித் தெரிவது. இந்த மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி. கவனியுங்கள், நோயைக் கண்டுபிடிக்க எண்டோஸ்கோபி தேவையே இல்லை.

சிகிச்சைக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. முதல் ஓரிரு நாள்கள் டிரிப்ஸ் வழியாகப் போதுமான திரவம், வலி குறைய மருந்து, நெருக்கமான கண்காணிப்பு. முன்பெல்லாம் ரத்த அளவுகள் இயல்புக்கு வரும்வரை வாயில் பச்சைத் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். இப்போது அந்தப் பழக்கம் மாறிவிட்டது. நோய் லேசாக இருந்து, குழந்தையால் முடிந்தால் ஓரிரு நாளிலேயே சாப்பிடவைக்கலாம் என்பதே வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர்கள் சங்கம் 2018-ல் வெளியிட்ட பரிந்துரையின் சாரம். பெரும்பாலான குழந்தைகள் இந்த எளிய சிகிச்சையிலேயே தேறிவிடுகிறார்கள்.

அப்படியானால் எண்டோஸ்கோபி எதற்கு?

எந்த எண்டோஸ்கோபி?

வாய் வழியாகக் கேமரா ட்யூபை விட்டு உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றைப் பார்ப்பது சாதாரண எண்டோஸ்கோபி. காசு விழுங்கிய குழந்தைக்குச் செய்வது இதுதான். சிக்கல் மிக அரிது. ஆனால், கணைய அழற்சியில் இதற்குப் பெரிய வேலை இல்லை.

இரண்டாவது, எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். ட்யூபின் நுனியிலேயே ஸ்கேன் கருவி இருக்கும். இரைப்பைக்குள் இருந்தபடியே, சுவரை ஒட்டியிருக்கும் கணையத்தையும் பித்தநாளத்தையும் மிக அருகிலிருந்து பார்க்கலாம். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் சிக்காத சின்னக் கல்லும் இதில் தெரியும். பார்ப்பதோடு நின்றால், கணையநாளத்தை இது தொடுவதே இல்லை. அதனால் இதன் ஆபத்தும் குறைவு.

மூன்றாவதுதான் விஷயமே. பெயர் இ.ஆர்.சி.பி. பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ஒரு சின்ன வாய் இருக்கிறது. பக்கவாட்டில் பார்க்கும் கேமரா கொண்ட ட்யூபை அதுவரை கொண்டுபோய், அந்த வாய்க்குள் மெல்லிய குழலைச் செலுத்தி, சாயம் விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே வேலை செய்வார்கள். தேவைப்பட்டால் அந்த வாயைச் சிறிது வெட்டி அகலப்படுத்துவார்கள். கல்லை வெளியே இழுப்பார்கள். ஸ்டென்ட் எனப்படும் சின்னக் குழாயைப் பொருத்துவார்கள். 1968-ல் அமெரிக்காவில் தொடங்கி, 1974-ல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் சிகிச்சைமுறையாக வளர்ந்தது இது. அதுவரை வயிற்றைக் கிழித்துச் செய்துகொண்டிருந்த அறுவை சிகிச்சைகள் பலவற்றை இது தேவையற்றதாக ஆக்கியது.

கணையநாளத்தின் வாயைச் சீண்டினால் கணையம் கோபித்துக்கொள்ளும். வீக்கத்துக்கு மருந்தாகச் செய்வதே புதிதாக ஒரு வீக்கத்தைக் கொண்டுவந்துவிடலாம். இணையத்தில் பயமுறுத்தும் அந்த இன்னொரு பக்கம் சொல்வது இ.ஆர்.சி.பி-யைப் பற்றித்தான்.

நூற்றில் ஆறு

எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓரளவு நல்ல கணக்கு இருக்கிறது. குழந்தைகளுக்குச் செய்த இ.ஆர்.சி.பி பற்றிய 32 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் ஒரு கட்டுரை வெளியானது. அதில் மொத்தம் 3,566 சிகிச்சைகள் இருந்தன. பிறந்து மூன்றே நாளான சிசுவும் அதில் உண்டு. ஏதாவது ஒரு சிக்கல் ஏற்பட்டது சுமார் 6 சதவிகிதம். அதில் பெரும்பகுதி, சிகிச்சைக்குப் பின் வந்த கணைய அழற்சி. அது மட்டும் 4.7 சதவிகிதம். ரத்தக்கசிவு, தொற்று ஆகியவை தனித்தனியே ஒரு சதவிகிதத்துக்கும் கீழே.

அதாவது 100 குழந்தைகளில் 94 பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால், இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லா மருத்துவமனைகளுக்கும் பொருத்திவிட முடியாது. இப்படி ஆய்வு எழுதுகிற மருத்துவமனைகள் பெரும்பாலும் இந்தச் சிகிச்சையை அடிக்கடி செய்யும் பெரிய மையங்கள். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ குழந்தைகளுக்குச் செய்யும் இடத்தில் அதே 6 சதவிகிதம்தான் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

குழந்தைக்குக் குழந்தை இந்த எண் மாறும். கல்லை எடுக்கப் பித்தநாளத்துக்குள் மட்டும் நுழைந்து திரும்புவது ஒன்று. கணையநாளத்துக்குள் சாயம் விடுவது வேறு. இரண்டாவதில் ஆபத்து கூடுதல். அந்தச் சின்ன வாய்க்குள் நுழைய எத்தனை முறை முயல வேண்டியிருந்தது என்பதைப் பொறுத்தும் ஆபத்து கூடும். கை பழகியவர் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

எப்போது அவசரம், எப்போது பொறுமை?

இ.ஆர்.சி.பி கணைய அழற்சிக்கான மருந்து அல்ல. வீங்கிய கணையத்தை அது ஆற்றாது. அடைப்பை மட்டுமே நீக்கும். ஆகவே, பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, `எண்டோஸ்கோபி பாதுகாப்பானதா' என்பதல்ல. `என் குழந்தைக்கு அடைப்பு இருக்கிறதா, அது அப்படியே நிற்கிறதா' என்பதே.

பித்தக்கல்லால் வந்த கணைய அழற்சியை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் கோளாறு, ரத்த அணுக்கள் சீக்கிரமே சிதையும் நோய் போன்றவை உள்ள குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே பித்தக்கல் வரும். நீலகிரி மலைவாழ் மக்களிடம் காணப்படும் சிக்கிள் செல் ரத்தசோகையும் இந்த வகைதான். உடல் எடை மிகுந்த வளரிளம் பருவத்தினருக்கும் வருகிறது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல், அந்தச் சின்ன வாயில் சிக்கும்போது கணையம் வீங்குகிறது. பல நேரங்களில் கல் ஓரிரு நாளில் தானாகவே குடலுக்குள் விழுந்துவிடும். அதன் பிறகு ட்யூப் விட்டால், இல்லாத கல்லைத் தேடப் போய் வம்பை விலைக்கு வாங்கியதாகிவிடும்.

பெரியவர்களிடம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் 26 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு அது; 2020-ல் `லான்செட்' இதழில் வெளியானது. பித்தக்கல்லால் கடுமையான கணைய அழற்சி வரும் என்று கணிக்கப்பட்ட, ஆனால் பித்தநாளத் தொற்று இல்லாத 230 பேர். பாதிப் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் இ.ஆர்.சி.பி, மீதிப் பேருக்குத் தேவைப்பட்டால் மட்டும். மரணம் அல்லது பெரிய சிக்கல் ஏற்பட்டது அவசரமாகச் செய்தவர்களில் 38 சதவிகிதம், காத்திருந்தவர்களில் 44 சதவிகிதம். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. எல்லோருக்கும் அவசரமாகச் செய்வதால் லாபமில்லை என்பதே முடிவு. குழந்தைகளிடம் இத்தனை பெரிய சோதனை நடந்ததில்லை. ஆனாலும், கல் என்றதும் ஓடிப்போய் ட்யூப் விட வேண்டியதில்லை என்ற நிதானம் குழந்தைகள் மருத்துவத்திலும் இருக்கிறது.

நிதானத்துக்கும் எல்லை உண்டு. கணைய அழற்சியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், கூடிக்கொண்டே போகும் மஞ்சள் காமாலை என்று வந்தால், அடைபட்ட பித்தநாளத்தில் தொற்று ஏறியிருக்கலாம். அந்தத் தொற்று ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே இ.ஆர்.சி.பி-யின் 6 சதவிகிதத்தைக் கண்டு பயந்து நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. `இன்னொரு டாக்டரையும் பார்த்துட்டு சொல்றோம்' என்று டிஸ்சார்ஜ் வாங்கி, நான்கு ஊர் அலைந்து திரும்பும் குடும்பங்கள் இழப்பது இந்த நேரத்தைத்தான். இரண்டாவது கருத்து கேட்பது தவறே இல்லை. இப்படி ஒரு கட்டத்தில் அதைப் போனில் ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குழந்தைகள்தான் அதிகம். அவர்களுக்கு முதலில் எம்.ஆர்.சி.பி எனப்படும் எம்.ஆர்.ஐ ஸ்கேன், அல்லது எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். கல் இருப்பது உறுதியானால் மட்டும் இ.ஆர்.சி.பி. ஐரோப்பாவின் எண்டோஸ்கோபி சங்கமும் குழந்தைகள் குடல்நோய் சங்கமும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதே திசையில்தான் போகிறது. இ.ஆர்.சி.பி என்பது சிகிச்சைக்கு. `என்னதான் இருக்கிறது பார்ப்போம்' என்பதற்கு ஸ்கேன்கள் போதும்.

கல்லை எடுத்தாயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எடுத்தது நாளத்தில் இருந்த கல். பித்தப்பையில் மிச்சம் இருந்தால் அது மறுபடி நழுவும். அதனால், நோய் லேசாக இருந்து குழந்தை தேறிவிட்டால், அதே அட்மிஷனில் பித்தப்பையை அகற்றிவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்வது உண்டு. பணம் பறிக்கும் வேலை என்று சந்தேகப்படத் தேவையில்லை.

காஷ்மீரின் அனுபவம் இங்கே சுவாரஸ்யமானது. அங்கே ஒரு காலத்தில் பித்தநாளத்தை அடைத்தது கல் மட்டும் அல்ல, குடலில் இருக்கும் உருளைப்புழுவும்தான். ஸ்ரீநகர் மருத்துவர் முகம்மது சுல்தான் குரூ, இப்படிப்பட்ட 500 நோயாளிகளைப் பற்றி 1990-ல் `லான்செட்'டில் எழுதினார். பலருக்குப் புழு தானாகவே குடலுக்குத் திரும்பிவிட்டது. திரும்பாதவர்களுக்கு எண்டோஸ்கோபியில் பிடித்து இழுத்தார்கள். அப்போது அந்தச் சின்ன வாயை வெட்டி அகலமாக்குவதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். வாசலை அகலமாக்கினால் அடுத்த புழுவும் நுழைந்துவிடுமே! பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையைப் பிள்ளைகள் துப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள இது போதாதா?

அடிபட்ட கணையத்தின் கதை வேறு. ஹேண்டில்பார் குத்திக் கணையநாளம் கிழிந்தால், அதிலிருந்து கசியும் நீர் பக்கத்திலேயே தேங்கிக் கட்டிபோல நிற்கும். ஸ்கேனில் ஆரஞ்சுப்பழம் அளவுக்குத் தெரிந்தால் யாருக்கும் பயம் வரும். உடனே எடுத்துவிடச் சொல்வார்கள் உறவினர்கள். ஆனால், பல கட்டிகள் தாமாகவே வற்றிவிடும். வற்றாமல் வலி, வாந்தி, தொற்று என்று தொல்லை கொடுத்தால் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் உதவியுடன் இரைப்பைச் சுவர் வழியாகவே அந்த நீரை வடித்துவிடலாம். அதற்கும் பொதுவாக நான்கு வாரம் பொறுக்கிறார்கள். கட்டியைச் சுற்றிலும் உறுதியான சுவர் உருவாக அந்த அவகாசம் தேவை. சுவர் இல்லாமல் துளையிட்டால் நீர் வயிற்றுக்குள் பரவும்.

கணைய அழற்சி திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளும் உண்டு. சிலருக்குக் கருவிலேயே ஒன்றுசேர்ந்திருக்க வேண்டிய கணையநாளங்கள் இரண்டாகவே நின்றுவிட்டிருக்கும். அந்தச் சிறிய நாளத்தின் வாயை வெட்டிவிட்டால் மறுபடி வராது என்று நீண்டகாலமாகச் செய்துவந்தார்கள். பெரியவர்களிடம் நடந்து, 2025-ல் வெளியான சோதனையில், அப்படி வெட்டியதால் நோய் திரும்புவது குறைந்ததாக நிரூபணமாகவில்லை. `இதைச் செய்துவிட்டால் இனி வரவே வராது' என்று யாராவது அழுத்திச் சொன்னால், கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பதில் தப்பில்லை.

கருவி, மயக்க மருந்து, எக்ஸ்ரே

பெரியவர்களுக்கான அதே ட்யூபைப் பொதுவாக 10 கிலோ எடைக்கு மேல் உள்ள, ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்குப் பயன்படுத்த முடியும். அதற்கும் சின்னக் குழந்தை என்றால் 7.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட தனி ட்யூப் வேண்டும். அது எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. அதனால், கைக்குழந்தையைப் பெரிய மையத்துக்கு அனுப்புவதைக் கைகழுவுவதாக நினைக்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கத்தில்தான் செய்கிறார்கள். பயம் இங்கேயும் எழும். ஆனால், மூச்சுக்குழாயைப் பாதுகாத்து, குழந்தை அசையாமல் இருப்பதுதான் நுணுக்கமான இந்த வேலைக்குப் பாதுகாப்பு. பெற்றோர் கையில் இருப்பது ஒன்றுதான்: பட்டினி நேரம். பொதுவாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மயக்க மருந்து மருத்துவர் சொல்வார். `பிள்ளை பசியில அழுதுச்சு, ஒரே ஒரு பிஸ்கட்தான்' என்று பாட்டி கொடுத்திருந்தால், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போவது அந்தத் திட்டைவிட மோசம்.

எக்ஸ்ரே கதிர்வீச்சைப் பொறுத்தவரை, வளரும் உடல் கூடுதலாகப் பாதிக்கப்படும் என்பதால் குறைந்த அளவு, குறைந்த நேரம் என்பதுதான் விதி. கருவியின் சுத்தமும் முக்கியம். இ.ஆர்.சி.பி ட்யூபின் நுனியில் இருக்கும் நுணுக்கமான அசையும் பாகத்தைச் சுத்தம் செய்வது கடினம். அதன் வழியாக மருந்துக்கு அடங்காத கிருமிகள் பரவலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே எச்சரித்தது.

சிகிச்சைக்குப் பின் கணைய அழற்சி வராமல் தடுக்க, இண்டோமெதாசின் அல்லது டைக்ளோஃபெனாக் மருந்தை ஆசனவாய் வழியாக வைக்கும் முறை பெரியவர்களிடம் பலன் தந்திருக்கிறது. 2012-ல் 602 பேரிடம் நடந்த ஆய்வில் 16.9 சதவிகிதமாக இருந்த பாதிப்பு 9.2 ஆகக் குறைந்தது. ஐரோப்பிய வழிகாட்டி இதை 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. அதற்குக் கீழே மருத்துவரின் முடிவு.

யார் செய்யப்போகிறார்கள் என்று கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கேட்கலாம். குழந்தைகள் குடல்நோய் மருத்துவர்களில் இ.ஆர்.சி.பி செய்பவர்கள் குறைவு. பல இடங்களில் பெரியவர்களுக்கு ஆயிரக்கணக்கில் செய்து கைதேர்ந்த மருத்துவர் ட்யூபைப் பிடிக்க, குழந்தைகள் மருத்துவரும் குழந்தைகளுக்கான மயக்க மருந்து மருத்துவரும் கூட நிற்பார்கள். அது குறையில்லை, நல்ல ஏற்பாடு.

வீட்டுக்கு வந்த பிறகு

சிகிச்சை முடிந்து முதல் 24 மணி நேரம் முக்கியமானது. பொதுவாக அன்றிரவு மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். அடங்காத வயிற்றுவலி, தொடர் வாந்தி, காய்ச்சல், கறுப்பாக மலம் போவது... இதில் எது வந்தாலும், வீட்டுக்கு வந்துவிட்ட பிறகானாலும், நள்ளிரவானாலும் திரும்பிப் போக வேண்டும். தொண்டை லேசாக வலிப்பது மட்டும் இயல்பு.

பிறகு ஒரு விஷயம், பலரும் மறந்துவிடுவது. ஸ்டென்ட். பித்தநாளத்தில் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை வழக்கமாகச் சுமார் மூன்று மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். கணையநாளத்தில் பாதுகாப்புக்காக வைக்கும் சின்ன ஸ்டென்ட் பெரும்பாலும் தானாக விழுந்துவிடும். விழுந்ததா என்று சில வாரங்களில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். குழந்தை ஓடியாடி விளையாட ஆரம்பித்ததும், ஸ்கூல், பரீட்சை என்று நாள்கள் போய்விடும். உள்ளே மறந்துபோன ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, தொற்றோடு காமாலையாகத் திரும்பிவரும். டிஸ்சார்ஜ் கொடுக்கும்போதே, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களா, எந்த நாளத்தில், எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தேதியை அங்கேயே போனில் அலாரமாக வைத்துவிட்டுக் கிளம்பலாம்.